காதுக்கு மேலே தட்டையான முடி

ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாசா மயோர் சதுக்கத்தின் வளைவுகளுக்குக் கீழே நாணயக் கடைகளை விரித்தாகிவிட்டது. வியாபாரி அன்செல்மோவின் மேசையில் கிடந்த துரோ, அந்தப் பழைய ஸ்பானிய வெள்ளி நாணயம், எனக்கு வேண்டும். அமதேயோ அரசர் வரிசையில் என்னிடம் இல்லாத ஒரே ஆண்டு அது. அன்செல்மோ அதை விற்கமாட்டார்; அதே தரத்தில் வேறு ஆண்டு கொடுத்தால் மாற்றிக்கொள்வார்.

துரோவில் பெரிதாகத் தெரியும் ஆண்டை நம்பக் கூடாது. உண்மையில் அச்சடித்த ஆண்டு, அதன் இருபுறமும் உள்ள குட்டி நட்சத்திரங்களுக்குள் இருக்கும்.

என் நாணயத்தை வெல்வெட் தட்டில் வைத்தேன். "தரம் 'அபாரம்'. உங்களோடதுக்குச் சமம்."

"ஏம்மா லியோனோர், ராஜாவுக்குக் காதுக்கு மேல முடியே காணோம். வழுக்கையா? தேஞ்சுபோச்சு. ஒரு படி கீழ, 'மிக நன்று'ன்னு வேணா சொல்லலாம்."

"தேயலண்ணே. அடிக்கும்போதே அச்சு சரியாப் பதியல."

"இதத்தான் எல்லாரும் சொல்றீங்க."

விளிம்பைப் பிடித்து விளக்கடியில் மெல்லச் சாய்த்தேன். புழங்காத வெள்ளியில் ஒளி சக்கரத்தின் ஆரங்கள்போலச் சுழலும். கைபட்டுத் தேய்ந்த மேட்டில் அது அறுந்து, அங்கே சாம்பல் பூத்திருக்கும். அச்சு பதியாத இடத்தில் அப்படி அறாது. தட்டையாக இருந்தாலும் ஒளி அதன்மேல் ஓடும்.

"நட்சத்திரத்தையும் பாத்துடறேன்" என்று வாங்கினார். மறுகையில், பொரித்த கணவாய் வைத்த ரொட்டி, பாதி தின்றது. நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தால் இந்தச் சதுக்கத்தில் யாருடைய கட்டைவிரலும் தானாகப் போய்விடும். அவருடையதும் போனது. ஒரே தேய்ப்பு.

"அடப்பாவி மனுஷா!" என்றாள் பக்கத்துக் கடை விசித்தாசியோன். "கெடுத்தாச்சு! இனி மாத்திக் குடுத்தே ஆகணும்."

அன்செல்மோ ரொட்டியைக் கீழே வைத்தார். நான் உருப்பெருக்கியை எடுத்தேன். தேய்த்ததில் மயிரிழைக் கீறல் ஒன்று விழுந்திருந்தாலும், அதற்கு ஈடாக அவருடைய துரோ எனக்குத்தான்.

"கீறல் இல்ல. கணவாய் எண்ணெய்தான். அசிட்டோன்ல முக்கினா போயிடும்."

"கீறல்னே சொல்லியிருக்கலாமேடி" என்று முணுமுணுத்தாள் விசித்தாசியோன்.

அன்செல்மோ கையைத் துடைத்தார். இம்முறை விளிம்பைப் பிடித்து, ராஜாவின் காதருகே எண்ணெய் படாத இடத்தைச் சாய்த்துப் பார்த்தார். மறுபடியும் சாய்த்தார்.

"ஒளி ஓடுது" என்றார். தன் துரோவை என் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்கோ."

"இருங்க. இதையும் சாய்ச்சுப் பாக்கணும்."

"எனக்குமா பரீட்சை?"

"உங்களுக்குத்தான் முக்கியமா."

சாய்த்தேன். அரசரின் தாடி முழுக்க ஒளி சுற்றி வந்தது. பையில் போட்டுக்கொண்டேன்.