ரோஜா நிற இரும்பு

தன் வாயை ஊசி நூல் கொண்டு தைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது அலமாரிக்காரருக்கு.

ஊரில் ரிமோட்டில் ஓடும் குட்டி லாரி கட்டும் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர். அவர் ஒருவர், அவருடைய சகலை ஒருவன். கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவு லாரிதான், ஆனாலும் அதற்கு முதுகெலும்பாக ப வடிவில் இரண்டு நீளச் சட்டங்கள் வேண்டும். அலுமினியம் என்றால் போட்டியில் இழுக்கும் செங்கல் பாரத்தில் வளையும். தகட்டை மடித்தால் முறுக்கிக்கொள்ளும். பழைய இழுப்புக்கதவு அலமாரிகளின் மேல்சட்டம்தான் சரியான இரும்பு, அதை இப்போது யாரும் செய்வதில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு கட்டு கிடப்பதை மோப்பம் பிடித்தவர் இவர்தான். பிடித்தவர் சும்மா இருந்தாரா? சகலையிடம் போய் உளறினார். மறுநாள் போனால் மொத்தக் கட்டையும் சகலை அள்ளிக்கொண்டு போயிருந்தான்.

"ரெண்டே துண்டு குடுப்பா. போட்டி வருது, என் லாரி எலும்பில்லாம கிடக்கு" என்று அவனிடமே போய் நின்றார்.

"அடடா, எல்லாத்துக்கும் ஆள் சொல்லியாச்சே அண்ணே! நீங்க அலுமினியத்துலயே ஓட்டிப் பழகிக்குங்க."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சிரிப்பை அவன் முகத்திலிருந்து வழித்தெடுக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டார்.

வழியைச் சகலையின் பெண்டாட்டி, அவர் கொழுந்தியாளே காட்டினாள். "அத்தான், நீங்க மாட்டிக்குடுத்த அலமாரிக் கதவு சிக்குது, வந்து பாருங்களேன்" என்று போன் செய்தாள். அவருக்குப் பொறி தட்டியது. அந்த அலமாரியின் மேல்சட்டமும் அதே பழைய இரும்பு! அவள் ஆசைப்பட்டாள் என்று ரோஜா நிறம் அடித்ததும் அவர் கைதான்.

சகலை வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துப் போனார். திருடுவதற்கு மனம் வரவில்லை, விஷயத்தைச் சொல்லியே விட்டார்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்கத்தான்" என்றாள் கொழுந்தியாள். "கட்டிலுக்கு அடியில இரும்பா அடைச்சு வச்சிருக்காரு, பெருக்க முடியல. கதவு நகர்ந்தா போதும் எனக்கு. அவர்கிட்ட நான் மூச்சு விடமாட்டேன்."

புது அலுமினியச் சட்டத்துக்கும் அதே ரோஜா நிறம் அடித்து மாட்டிக் கதவை வழுக்கி ஓடவிட்டார். பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டாக அறுத்து, முதுகோடு முதுகு சேர்த்துக் கிளாம்பில் இறுக்கி, ஒரே போடாகத் துளைகள் போட்டார். அப்படிப் போட்டால்தான் இரு பக்கத்து அச்சும் நேராக நிற்கும். ரோஜா நிறத்தைச் சுரண்டவில்லை. வேண்டுமென்றேதான் விட்டுவைத்தார்.

போட்டியன்று மணல்மேட்டில் செங்கல் வண்டியை இழுக்க வேண்டும். சகலை எப்போதும் அவசரக்காரன். சட்டங்களைத் தனித்தனியாகத் துளைத்திருந்தான், ஒரு பக்கத்து அச்சு மயிரிழை முன்னால் நின்றது. அவன் லாரி பாதி மேடு ஏறியதும் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஒதுங்கிப் பள்ளத்தில் சரிந்தது. அலமாரிக்காரரின் லாரி முக்கி முனகி உச்சிக்கே போய் நின்றது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

சகலை அசட்டுச் சிரிப்போடு ஓடிவந்தான். "எங்கண்ணே புடிச்சீங்க இந்தச் சட்டத்த?"

அவர் லாரியைத் தூக்கி அவன் கண்ணெதிரே மல்லாக்கக் காட்டினார்.

ரோஜா நிறத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு முகத்திலேயே செத்துப்போனது. தினமும் சட்டை எடுக்கிற அலமாரி அல்லவா?

"என் வீட்டுலயே கை வச்சுட்டீங்களாண்ணே? ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"கேட்டேனேப்பா" என்றார் அலமாரிக்காரர்.

அவர் லாரியைத் துடைத்து இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு ருசியாக இறங்கியது.