சொல்லாமல் வந்தவள்

அப்பா சின்னமுத்துவை அடக்கம் பண்ணிய கையோடு நிரோஷா நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்கு பஸ் ஏறிவிட்டாள். கருமாதிகூட முடியவில்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "சரியான கல்லுளிமங்கி" என்றார்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அவளுக்கோ கோபம்கூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவளிடம் மிஞ்சியிருந்தது தங்கம் பூசிய ஒரே ஒரு தகடு. அதை ரசாயனக் கரைசலில் ஊறப்போட்டால் மூலக்கூறுகள் தாமாகவே வந்து, நெருக்கியடித்து, ஒற்றை அடுக்காக நிற்கும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களை நிரையாக நிறுத்தக் கங்காணி கத்தவேண்டும். இதுகளுக்கு அந்தக் கரைச்சலும் இல்லை. அந்த அடுக்கில் கண்ணுக்கே தெரியாத ஊசிமுனையால் ஒரு சதுரத்தைச் சுரண்டி, அங்கே வேறு மூலக்கூறுகளைக் குடிவைத்து, பிறகு அதே ஊசியால் மெல்லத் தடவிப் படம் எடுக்கவேண்டும். இன்று படம் விழுந்தால் பட்டம். நாளை முதல் இயந்திரம் வேறொருவருக்கு. தகடும் இனி இல்லை.

சுரண்டியாயிற்று, புதியவையும் குடியேறிவிட்டன. ஊசி வரிவரியாகத் தடவத் தடவ, சதுரத்தின் மேல்விளிம்பு திரையில் பளிச்சென்று தெரிந்தது. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹபீல் கட்டுகஸ்தோட்டைக்காரர், வாய் ஓயாத மனுஷன்.

"அல்ஹம்துலில்லாஹ்! தங்கச்சி, இனி மூச்சையும் பாத்து விடுங்க. மேசை அசைஞ்சா எல்லாம் போச்சு."

நிரோஷா தலையாட்டினாள். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை.

அப்போது போன் அடித்தது. அம்மா சுப்பம்மா.

"போய்ச் சேந்துட்டியா புள்ள?"

"ம்."

"சாப்பிட்டியா?"

"ம்."

"எழவுக்கு வந்தவங்கதான் சொல்லிக்காம போவாங்க. நீ ஏம்மா சொல்லாம போன? இது ஒன் வீடில்லையா?"

நிரோஷாவுக்குத் திக்கென்றது. சாவு வீட்டில் "போயிட்டு வாரேன்" என்று சொல்லக்கூடாது என்பது வந்துபோகிறவர்களுக்கான வழக்கம். பெற்ற மகளுக்கு ஏது அந்தச் சட்டம்? எல்லோரும் போன மாதிரியே அவளும் பையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பாராமல் படியிறங்கி வந்திருக்கிறாள், பாவி.

"ஐயோ! யாரு மேசையத் தொட்டது?" ஹபீல் பதறினார். திரையில் வரிகள் ரம்பப் பல்லாகத் துள்ளின.

"நான் தொடல" என்றாள் நிரோஷா.

அவளுடைய முழங்கை மேசைமேல் ஊன்றி நடுங்கிக்கொண்டிருந்தது. கன்னமெல்லாம் ஈரம். அவளுக்குத்தான் தெரியவில்லை.

ஹபீலின் குரல் தணிந்தது. "கைய எடுங்க தங்கச்சி. இப்ப எடுத்தாலும் பாதிப் படம் தப்பும்."

அவள் எடுக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா... போயிட்டு வாரேம்மா."

"போயிட்டு வா, சாமி."

அவ்வளவுதான். மேசைமேலேயே கவிழ்ந்து, "அப்பா" என்று பெருங்குரலெடுத்து அழுதாள். ஊசி முறிந்தது, தகடு நாசமாய்ப் போனது. ஹபீல் திரையை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் நின்றார்.