நாலாவது ஜோடி

மதியம் மூன்றேகால் மணிக்குக் கூரைப் பனி சரிந்தது. விடுதி ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. மடித்துக்கொண்டிருந்த துண்டுகளை அப்படியே போட்டுவிட்டு சிசுரு வாசலுக்கு ஓடினாள். பனி விழுந்தால் முதலில் தலைகளை எண்ண வேண்டும்; ஜப்பானின் அந்த மலையூரில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிசுரு மட்டும் தலைகளை எண்ணமாட்டாள், வாசலில் கழற்றிவைத்த காலணிகளை எண்ணுவாள். காலணி இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார், அவ்வளவுதான். முப்பது வருடமாக விடுதி நடத்துகிறவளுக்கு அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

விருந்தாளிகள் நாலு பேர். நிகாத்தா நகரத்திலிருந்து வந்த வயதான தம்பதி, விதை வியாபாரி ஒருவர், அப்புறம் அந்த பிரேசில் பெண் ரெனாதா. நாலு ஜோடியும் இருந்தன. ரெனாதாவின் மஞ்சள் பூட்ஸ் அளவெடுத்து வைத்தது மாதிரி வாசலைப் பார்த்து நின்றது.

அப்படி வைக்கக் கற்றுக்கொடுத்ததே சிசுருதான். முந்தாநாள் வந்த கையோடு, அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக, பூட்ஸ் காலோடு பாய் பதித்த கூடத்தில் நாலடி நடந்துவிட்டாள். சிசுரு போட்ட சத்தத்தில் சமையல்காரர் தொகுசோ கத்தியும் கையுமாக ஓடிவந்தார். பெண்ணுக்கு முகம் செத்துப்போனது. அவளுக்குத் தெரிந்த ஏழெட்டு ஜப்பானிய வார்த்தைகளில் மன்னிப்பும் ஒன்று. அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதோடாவது விட்டாளா சிசுரு? கையைப் பிடித்து இழுத்துப்போய், இந்தச் செருப்பு வீட்டு நடைக்கு, இது கழிவறைக்கு, கொல்லையில் இருக்கும் வெந்நீர்த் தொட்டிக்குப் போக இந்த மரச்செருப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். பெண் பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையாட்டினாள்.

"எல்லாரும் உள்ளதான் இருக்காங்க," என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தாள் சிசுரு.

"அந்தப் பிரேசில் பொண்ணு பச்சை மீன் சாப்பிடுமான்னு கேட்டுச் சொல்லுங்கம்மா. நேத்து அதைப் பார்த்த பார்வையில மீனே பயந்துபோச்சு," என்றார் தொகுசோ.

"தூங்குது போல. கதவைத் தட்டி எழுப்பவா சொல்றீங்க? எழுந்து வரட்டும்."

விருந்தாளி கதவைத் தட்டுவதில்லை என்ற மரியாதை வேறு அவளுக்கு. அந்த மரியாதையில் பத்து நிமிடம் போயிற்று.

ஈரத்துண்டுகளை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவுக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். படியில் எப்போதும் நாலு ஜோடி மரச்செருப்பு இருக்கும். இப்போது மூன்றுதான் இருந்தது.

வெளியே, வெந்நீர்த் தொட்டிக்குப் போகும் கூரையடிப் பாதையைக் காணோம். ஆள் உயரத்துக்குப் பனி குவிந்து கிடந்தது. காலையில் அவள் கணவன் எய்கிச்சி குறுக்கே கயிறு கட்டி, 'பனி விழும், போகாதீர்' என்று அட்டை தொங்கவிட்டிருந்தான். அட்டை ஜப்பானிய எழுத்தில் இருந்தது. அதைப் படிக்கத் தெரியாதவள் அந்த விடுதியில் ஒருத்திதான்.

சிசுரு உள்பக்கம் திரும்பிக் கத்தினாள். "ஏங்க! ஏங்க! அந்தப் பொண்ணு அடியில இருக்குங்க!"

எய்கிச்சி மண்வாரியோடு வந்தான். "பூட்ஸ் இருக்குன்னு சொன்னியே?"

"பூட்ஸ் இருக்கு! பொண்ணு இல்ல!"

"எவ்வளவு நேரமாச்சு?"

சொல்லித்தான் ஆக வேண்டும். "பத்து நிமிஷத்துக்கு மேல."

எய்கிச்சி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு பனியில் குதித்தாள். தொகுசோ மூங்கில் கழிகளோடு வந்தார். கழியை மெல்ல இறக்குவது, தட்டுப்படாவிட்டால் ஓரடி தள்ளி மறுபடி இறக்குவது. கூரையிலிருந்து விழுந்த பனி காரை மாதிரி இறுகிக்கிடந்தது.

"சுவரோரமாப் பாருங்க," என்றான் எய்கிச்சி. "சத்தம் கேட்டதும் சுவர்ல ஒண்டியிருந்தா, மூச்சுவிட இடம் இருக்கும்."

"ரெனாதா!" என்று கத்தினாள் சிசுரு. இரண்டு நாளாக 'அந்தப் பொண்ணு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"பேசாம இரு! காது குடுத்துக் கேளு."

மூவரும் அசையாமல் நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கூரை விளிம்பில் மிச்சப் பனி தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் விழுந்தால் நாலு பேரும் போக வேண்டியதுதான். எய்கிச்சி அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி கழியை இறக்கினான்.

ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, கழி மெத்தென்று எதிலோ பட்டது.

"மண்வாரி வேண்டாம், கையால தோண்டு!"

சிசுரு நாய் குழி பறிப்பது போலப் பறித்தாள். நகம் பிய்ந்தது தெரியவில்லை. முதலில் விடுதியின் நீலப் பருத்தி அங்கி தெரிந்தது, பிறகு முடி, பிறகு முகம். முழங்கையை முகத்துக்குக் குறுக்கே மடக்கி, சுவரோடு சுருண்டு கிடந்தாள். உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. எய்கிச்சி மூக்கருகே கன்னத்தை வைத்தான். "இருக்கு. மூச்சு இருக்கு."

தோளுக்கு ஒருவராகத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கொல்லைப் படியில் வந்ததும் பெண் கண்ணைத் திறந்தாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஒரு கால் வெறுங்கால், மற்றதில் மரச்செருப்பு பனியோடு ஒட்டியிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வரமாட்டேன் என்பதுபோல நின்று, அந்தச் செருப்பை உதறப் பார்த்தாள். செருப்பு கழலவில்லை.

"மன்னிச்சுக்கோங்க," என்றாள், சிசுருவைப் பார்த்து.

"அடிப் பாவி! செருப்பாவது மண்ணாவது, வாடி உள்ள!" என்று சிசுரு அவளை அப்படியே அள்ளித் தூக்கினாள். தூக்கிக்கொண்டு, பனியும் சேறும் அப்பிய ரப்பர் பூட்ஸோடு, கூடத்துப் பாய்மேல் குறுக்காக நடந்துபோய், போர்வை போர்த்திய கணப்பு மேசைக்கடியில் அவளைக் கிடத்தினாள்.

பாயில் கறுப்புக் கறுப்பாகத் தடம் விழுந்திருந்தது. நிகாத்தா தம்பதி வாயைப் பிளந்தபடி அறை வாசலில் நின்றார்கள்.

"அம்மா, கால்ல பூட்ஸு..." என்றார் தொகுசோ.

"தெரியும். வெந்நீர் கொண்டாங்க."

சிசுரு பூட்ஸைக் கழற்றவில்லை. அப்படியே பாயில் உட்கார்ந்து, அந்த மரச்செருப்பைப் பிடுங்கி எறிந்தாள். பெண்ணின் இரண்டு பாதங்களையும் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, விருந்தாளிகள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் ஓவென்று அழுதாள்.