ஆம்புரோசுக்குக் கிடைத்த இறுதி வரி

கடல் நெடுந்தொலைவு பின்வாங்கி ஈரமணலை மட்டும் விட்டுச் சென்றிருக்க, அம்மணலின்மேல் மாலைக் கதிரவன் பொன்பூசிக்கொண்டிருக்க, விரிகுடாவுக்கு அப்பால் மலைகள் நீலம் போர்த்து வரிசையாய் நிற்க, இறால் வாரும் வண்டிகள் கரைநோக்கித் திரும்பிக்கொண்டிருந்த வேனிற்பொழுது அது. மோர்க்கம் நகரத்துக் கடற்கரைச் சாலையில், பொரித்த மீனும் காடியும் மணக்கின்ற கடைகளைக் கடந்து, நாடக அரங்கின் பின்வாயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தார் எழுபத்திரண்டு அகவை நிரம்பிய ஆம்புரோசு திரெல்பால். அறிவுசால் வாசகரே, அவர் பெயரை நீவிர் அறியீர். முகத்தையோ பன்முறை கண்டிருப்பீர்.

அன்றும் ஓர் அம்மையார் வழிமறித்தார். “உங்கள எங்கயோ பார்த்திருக்கேனே. பேங்க்ல வேலை பார்த்தீங்களா?”

“பார்த்தேம்மா. கொள்ளையடிக்க வந்தவன் முதல்ல என்னைத்தான் சுட்டான்” என்றார் ஆம்புரோசு. அது அவருடைய பதினோராவது திரைப்படம்.

அறுபத்து நான்கு படங்களில் தோன்றிய அவர், அவற்றுள் இருபத்திரண்டில் செல்வர் வீட்டுப் பணியாளராய்த் தட்டேந்தினார். ஒன்பதில் பாதிரியாராய் மணம் முடித்து வைத்தார். பத்தொன்பதில் கதை சூடுபிடிக்குமுன்பே மாண்டுபோனார். ஆயினும் அவர் நெஞ்சம் ஏங்கியது மேடைக்காகவே. இதே ஊரில், வாரத்துக்கொரு நாடகமென இரவில் ஒன்றை நடித்துக்கொண்டே பகலில் மற்றொன்றை மனனம் செய்த இளமையும், நடிகரையும் மீனையும் தவிர வேறெவரும் ஏறாத ஞாயிற்றுக்கிழமைத் தொடர்வண்டிகளும், கிரூ சந்திப்பில் எதிரெதிர்த் திசையில் செல்லும் நாடகக் குழுவினர் இறங்கி நின்று, எந்த ஊரில் தங்க இடம்தரும் எந்த வீட்டுக்காரி வயிறாரச் சோறிடுவாள் என்று செய்தி மாற்றிக்கொண்ட குளிர்காலைகளும் அவர் கண்ணைவிட்டு அகலவில்லை.

குறை ஒன்றே. ஐம்பதாண்டுகளில் ஒரு நாடகத்தின் இறுதி வரியும் அவர்க்கு வாய்த்ததில்லை. திரை எப்போதும் பிறர் சொல்லின்மீதே விழுந்தது. இப்போதுதான் வாய்த்திருந்தது. மார்னி என்னும் இளம்பெண் எழுதிய புதுநாடகத்தில் அவர் முதிய இறால்காரர். அலைவாய்ப்பட்ட மகனுக்காக நாளும் சாளரத்தில் விளக்கேற்றி வைக்கும் அத்தந்தை, இறுதியில் அதை அணைக்கச் சென்று, ‘வீட்டுக்கு வழி அவனுக்குத் தெரியும்’ என்பார். அத்துடன் திரை விழும்.

ஆனால் அந்நாட்டு மேடையில் ஒரு வழக்கம் உண்டு. இறுதி வரியை ஒத்திகையில் உரைத்தால் நாடகத்துக்குக் கேடு நேரும் என்பர். ஆதலின் அவ்விடத்தில் பொருளற்ற ஓர் ஒலியை எழுப்பிவிட்டு நகர்வர். நான்கு வாரம் ஒத்திகையில் ஆம்புரோசு ‘தம்-தி-தம்’ என்றே முடித்தார்.

முதல்நாள் அரங்கேற்றத்தில், விளக்கருகே நின்று, ஐம்பதாண்டு ஏக்கத்தையும் மூச்சில் திரட்டி வாய்திறந்தார். பழகிய நா பழகியதையே சொல்லிற்று: “தம்... தி... தம்...”

செய்த பிழை அக்கணமே அவர்க்கு உறைத்தது. கை மட்டும் தானே நீண்டு விளக்கை அணைத்தது. அரங்கில் எங்கோ ஒரு பெண் விம்மினாள்; பின்னர் அனைவரும் எழுந்து கைதட்டினர். மகனுக்குப் பாடிய தாலாட்டைக் கிழவர் முணுமுணுத்ததாக அவர்கள் கொண்டுவிட்டனர்.

மேடையோரத்தில் ஏட்டுடன் அமர்ந்து, மறந்த சொல்லை எடுத்துக்கொடுக்கும் வின்னி அவருடைய நாற்பதாண்டுத் தோழி. “என்னய்யா பண்ணித் தொலைச்ச?” என்றாள்.

“வாய் வழுக்கிருச்சு வின்னி. இத்தனை வருஷம் காத்திருந்து, கடைசில இப்படிப் பண்ணிட்டேன்.”

அதற்குள் மார்னி ஈரக்கண்ணுடன் ஓடிவந்தாள். “ஐயா, நான் எழுதினத விட இதுதான் சரி. என் வரிய அடிச்சிட்டேன். இனிமே இப்படியே பண்ணுங்க.”

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. “சரிம்மா” என்றார் ஆம்புரோசு. நாடகம் கேட்டதை மறுத்துப் பழகாதவர் அவர்.

ஆறு வாரம் நாடகம் நடந்தது. செய்தித்தாள்கள் அம்முணுமுணுப்பையே புகழ்ந்தன. இறுதிநாளில், வின்னி வாயிலாக நடந்ததையும் அவர் ஏக்கத்தையும் அறிந்த மார்னி அவரிடம் வந்து, “எனக்குத் தெரியாமப் போச்சு ஐயா. இன்னிக்கு அந்த வரிய நீங்க சொல்லிக்குங்க” என்றாள்.

அன்று முழுதும் அவர் அவ்வரியை மனத்துள் உருப்போட்டார். மேடையில் அத்தருணம் வந்தபோது வரி நாவின் நுனியிலேயே இருந்தது. அப்போதுதான் மூன்றாம் வரிசையில், மீனவர் அணியும் கம்பளிச் சட்டையுடன், தொப்பியை இறுகப் பற்றி முன்சாய்ந்து அமர்ந்திருந்த ஒருவரைக் கண்டார். ஊரெல்லாம் பேசிய அத்தாலாட்டுக்காக அவர் காத்திருந்தது முகத்தில் தெரிந்தது. நாவிலிருந்த வரியை ஆம்புரோசு விழுங்கிக்கொண்டார். மெல்லத் தாலாட்டை முணுமுணுத்து விளக்கை அணைத்தார்.

“சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? யாரு தடுத்தா?” என்றாள் வின்னி.

“யாரும் தடுக்கல. அந்த ஆளு அதக் கேக்கத்தான வந்திருக்கான்.”

ஒப்பனையைத் துடைத்துக்கொண்டே அவர் அழுதார். வின்னியிடம் அதை மறைக்கவுமில்லை. பெருவேடம் சிலர்க்கே வாய்க்கும்; தன்னினும் வேடத்தைப் பெரிதெனக் கருதும் நெஞ்சமோ அவர்களுள்ளும் சிலர்க்கே வாய்க்கும். அத்தகையோர் பெயரை உலகம் மறந்துவிடும். அவர்கள் தந்ததை மட்டும் நெடுங்காலம் வைத்துக்கொள்ளும்.