வாப்பாவின் போர்ட்டுக்கு ஓர் அளவு

றஞ்சிதத்தின் அழைப்பு வந்தபோது ஷிஹானா தேத்தண்ணியைக்கூட வாயில் வைத்திருக்கவில்லை.

"பிள்ளை, இண்டைக்கும் லைன் இழுக்குதில்லை. பின்னேரம் ஜெசிக்காவுக்குத் திரும்ப இன்ரவியூ. போனமுறை பாதியில அறுந்ததுக்கு இரங்கித்தான் இன்னொருக்காத் தந்திருக்கினம். இனித் தரமாட்டினம்."

றஞ்சிதத்தின் மகள் ஜெசிக்கா தாதிப் படிப்பு முடித்தவள். போனமுறை வெளிநாட்டில் ஒரு மருத்துவமனை அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது, திறந்த வாய் திறந்தபடியே திரையில் உறைந்து போயிருக்கிறது. அந்த வீட்டுக்கு இன்ரநெற் லைன் போட்டவள் ஷிஹானாதான். பெண்பிள்ளை ஏணியில் ஏறுகிறாள், எப்போது விழுவாள் என்று ஒழுங்கைச் சனமே அண்ணாந்து பார்த்திருக்க, விழாமல் இறங்கி வந்தவள். தான் போட்ட லைன் இன்னொருத்தியின் வேலையைக் கெடுத்துவிட்டது என்பது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

றஞ்சிதத்தின் ஊரான ஓலைத்தொடுவாயில் வீடுகளின் வயர்களெல்லாம் அங்கே ஒரு பெட்டிக்குள் இருக்கும் சுவிட்சில் வந்து செருகியிருக்கின்றன. ஒரு வயருக்கு ஒரு போர்ட். மன்னார் டவுனிலிருந்து போகும் இன்ரநெற்றை எல்லோரும் அங்கே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டவுனில் இருக்கும் லைன் கம்பனிக் கந்தோரில் இருந்தபடி அவள் கம்பியூட்டரில் அந்தச் சுவிட்சைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு வீடும் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் கோடுகளெல்லாம் திரையின் அடியில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உச்சியில் நின்றது. பக்கத்தில் பெயர் இருந்தது: ஆதம்பாவா, மீன் வாடி.

அவளுடைய வாப்பா.

எருக்கலம்பிட்டியிலிருந்து தினமும் ஓலைத்தொடுவாய்க் கரைக்கு வந்து மீன் வாங்கும் ஆதம்பாவாவுக்கு, மகள் கம்பியூட்டர் படித்ததில் இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கரையில் மீன் நிறுக்கும் கொட்டிலான அந்த வாடியில் பெரிய ரீவி வாங்கி மாட்டினார். மீன் நிறுக்க நிற்பவர்களெல்லாம் படம் பார்க்கட்டும் என்று வைபையை அள்ளி விட்டார். பாஸ்வேர்ட் மகளின் பெயர். கரையில் அது தெரியாத ஆள் இல்லை. "என்ட மகள்ட லைன், பாருங்கோ எப்பிடிப் பறக்குதெண்டு" என்று அவர் அடித்த தம்பட்டத்தைக் கேட்டுத்தான் றஞ்சிதம் உட்பட அரைவாசி ஊர் லைன் எடுத்தது. அவர் எடுத்திருந்ததோ இருப்பதிலேயே சின்னப் பக்கேஜ்.

"நௌபர் நானா, வாப்பாட போர்ட்டுக்கு வேக அளவே போடேல்லையே?"

முதலாளி நௌபர் தலையைச் சொறிந்தார். "உங்கட வாப்பாவெண்ட மரியாதைக்கு நான்தான் திறந்து விட்டனான்."

"இப்ப போடப்போறன்."

"போடுங்கோ. இரவைக்கு வீட்டில சோறு கிடைக்காட்டி என்னைச் சொல்லாதைங்கோ."

அவள் சிரிக்கவில்லை. கரையில் வாப்பா தலை நிமிர்ந்து நடப்பது இந்த லைனால்தான். ஆனாலும் போர்ட்டுக்குள் வருவதற்கு ஓர் அளவைப் போட்டு அனுப்பினாள். கோடு அசையவில்லை. திரும்பவும் போட்டாள். வாப்பாவின் கோடு அதே உயரத்தில் நின்று அவளைப் பார்த்தது.

பிழை பிறகுதான் விளங்கியது. வாடியில் இருப்பவருக்கு உள்ளே வருவது, சுவிட்சுக்கு வெளியே போவது. அவள் தன்னையறியாமல் வாப்பாவின் பக்கத்தில் நின்று யோசித்திருக்கிறாள். இப்போது சுவிட்சின் பக்கத்தில் நின்று, வெளியே போவதற்கு அளவைப் போட்டாள். கோடு சடாரென்று இறங்கியது. மற்ற வீடுகள் மெல்ல மெல்ல எழும்பின. அவள் போனைக் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"மகள், ரீவில வட்டம் சுத்துது. கந்தோர்ல ஆரும் பிழையாக் கை வச்சிட்டாங்களோ பாரு."

"ஆரும் பிழையாக் கை வைக்கேல்ல வாப்பா. நான்தான் குறைச்சனான்."

"என்ட லைனையா?"

"நீங்க எடுத்த பக்கேஜ் அவ்வளவுதான். றஞ்சிதம் அன்ரிட மகளுக்குப் பின்னேரம் இன்ரவியூ. போனமுறை அறுந்தது உங்கட ரீவியாலதான்."

அந்தப் பக்கத்தில் தராசுத் தட்டின் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டன. கேட்டவர்கள் முன்னால் வாப்பாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்ற?" என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

பின்னேரத் தொழுகைக்கான அசர் பாங்கு முடிந்ததும் திரையைப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. வாப்பாவின் போர்ட் செத்துக் கிடந்தது. அவள் போட்ட அளவுகூட இல்லை, ஒன்றுமே இல்லை. கோபத்தில் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டார் போல. அழைத்தாள், எடுக்கவில்லை. மறுபடியும் அழைக்கப் போகும்போது றஞ்சிதத்தின் அழைப்பு வந்தது. குரல் குசினி அடுப்படியிலிருந்து மெதுவாக வந்தது.

"பிள்ளை, ஜெசிக்கா கதைச்சுக் கொண்டிருக்கிறாள். லைன் நல்லா நிக்குது. உங்கட வாப்பா வாடியில எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு இஞ்ச வந்திட்டார்."

"சண்டைக்கோ?"

"இல்லைப் பிள்ளை. கேற்றடியில கதிரை போட்டு இருக்கிறார். போறவாறவையை எல்லாம் மறிச்சு, 'தகப்பனெண்டும் பாக்காமல் என்ட லைனையே வெட்டினவள் என்ட மகள்' எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார். அதுவும் ஜெசிக்காவைக் குழப்பாமல் காதுக்குள்ளதான் சொல்றார்."

ஷிஹானாவுக்குக் கண் கலங்கியது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தூரத்தில் ஐஸ் லொறி ஒன்று உறுமிக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்புவது கேட்டது. ஒருதரம் ஹோர்ன் அடித்தது. பிறகு கேற்றடியில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது, என்ஜின் நின்றது. அந்த அமைதிக்குள் ஜெசிக்காவின் குரல், தடங்கலில்லாமல், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு போனது.