சீட்டு ஒட்டாத மூன்றாவது குவளை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையில் நடந்த குளறுபடிக்கு நானும் ஒரு காரணம். எங்கள் ஊர்ச் சங்கத்தில் பீர் ருசி பார்க்கும் கூட்டம் ஒன்று நடந்தது. குறிப்பெடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஜப்பானின் டொட்டோரிக் கடலோரத்துக்கு நான் வந்து பதினாறு வருடமாகிறது. எழுதுகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இப்படி ஏதாவது வந்து சேரும். குறிப்பு எடுத்தேனோ இல்லையோ, நன்றாகக் குடித்தேன்.

கதையை இப்படித் தொடங்கினேன்: ‘கடலின்மேல் மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்த அந்த ஞாயிறு மதியம், ஜன்னலோரம் நின்ற மிட்சுயோ—’

(வேண்டாம். மழை, கடல், ஜன்னல் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் யாராவது சாகவேண்டியிருக்கும். இதில் யாரும் சாகவில்லை.)

2

மிட்சுயோவுக்கு நாற்பத்து நான்கு வயது. தம்பி யசுஹிகோ மூன்று வயது சின்னவன். பழைய மீன் கிடங்கில் இருவரும் பீர் காய்ச்சுகிறார்கள். அக்காவின் பீர் கறுப்பு, பார்லியைக் கருக வறுத்துச் செய்தது. தம்பியுடையது ஊர்ப் பேரிக்காய் போட்ட வெளிர் பீர். சோதித்துப் பார்க்கச் சின்னப் பானைகள் உண்டு. விற்கக் காய்ச்சுவதற்கு ஒரே தொட்டிதான். இந்தக் கோடைக்கு அதில் எது? சண்டை முற்றிப்போய்ப் பந்தயம் கட்டினார்கள். ஊர் ருசி பார்த்துச் சொல்லட்டும், தோற்றவர் காய்ச்சுகிற வேலையையே விட்டுவிட வேண்டும்.

இருபது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் அடுத்தவர் எழுதித்தந்த பட்டியலைச் சமைத்தவள் மிட்சுயோ. தன் இஷ்டத்துக்கு அவள் செய்த முதல் பண்டம் அந்தக் கறுப்பு பீர். வாயை விட்டு மாட்டிக்கொண்டோமே என்று மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

(கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று யசுஹிகோவைக் கல்நெஞ்சனாக எழுதிப் பார்த்தேன். பாதியில் ஒன்று ஞாபகம் வந்தது. கறுப்பு பீர் ரொம்பச் சில்லிட்டால் அதன் ருசி எழும்பாது. கூட்டத்தன்று அக்காவுக்குத் தெரியாமல் அவள் பாட்டில்களை நேரத்தோடு பனிக்கட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தவன் அவன்தான். ஒழிந்தான் வில்லன்.)

3

ஆளுக்கு மூன்று குவளை. சிவப்புச் சீட்டு ஒட்டியது கறுப்பு பீருக்கு, நீலச் சீட்டு பேரிக்காய்க்கு. சீட்டு ஒட்டாதது வாய் கொப்பளிக்கும் தண்ணீருக்கு. தண்ணீர் கொண்டுவர வேண்டியவன் யசுஹிகோ. சுட்ட கணவாய் மீனைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தான், தண்ணீரை மறந்தே போனான்.

எங்கள் ஊரில் தன் குவளையில் தானே ஊற்றிக்கொள்வது வழக்கமில்லை. அடுத்தவர் குவளை காலியாக இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கவும் ஒருவராலும் முடியாது.

“ஐயையோ, உங்க கிளாஸ் ஒண்ணு காலியா கிடக்கே!” என்றாள் மீன்கடை ஓகிமுரா அம்மா, முடிவெட்டும் தொகுஜியிடம். “பக்கத்துல நான் உட்கார்ந்திருந்து என்ன பிரயோஜனம்?”

“போதும்மா, போதும்.”

“அந்தப் போதுமெல்லாம் உங்க வீட்டுல வெச்சுக்கோங்க.”

கைக்கு எந்தப் பாட்டில் எட்டியதோ அதைச் சாய்த்தாள். சும்மா இருந்தால் மரியாதையாகுமா? தொகுஜியும் பதிலுக்குத் தன் கைக்கு எட்டியதைச் சாய்த்தார்.

(நான் ஐந்து பேருக்கு ஊற்றினேன். ஆறாகவும் இருக்கலாம்.)

4

எல்லோரும் குடித்து முடித்து, குவளைக்கு ஒரு கட்டமாகக் கருத்து எழுதித் தந்த தாள்களை மிட்சுயோ சத்தமாகப் படித்தாள்.

சிவப்பு: “முதல் மடக்கில் கோபம் வந்தது. இரண்டாவதில் மன்னித்துவிட்டேன்.” “அடிப்பிடித்த சோற்று வாசம். எனக்கு அடிச்சோறு பிடிக்கும்.”

நீலம்: “இது பீரா, பழரசமா? எதுவானாலும் இன்னொன்று ஊற்றுங்கள்.” “மனைவிக்குப் பிடித்தது. ஆகவே எனக்கும்.”

அடுத்த தாளில் சிவப்பு, நீலம் இரண்டுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு கட்டம், பேனாவால் கோணலாகப் போட்டது. “சீட்டு ஒட்டாததுதான் அருமை! கசப்பு நாக்கில் உட்காருவதற்குள் பேரிக்காய் வந்துவிடுகிறது.” அதற்கடுத்ததிலும் அதே கட்டம். அதற்கடுத்ததிலும்.

“டேய், எனக்குத் தெரியாம மூணாவதா ஒண்ணு காய்ச்சினியா?”

“நீ காய்ச்சிட்டு என் தலையில கட்டாதே அக்கா!”

“நான் எங்கடா காய்ச்சுவேன், குளிக்கிற தொட்டியிலயா?”

“கத்தாதீங்க ரெண்டு பேரும்,” என்று எழுந்தாள் ஓகிமுரா அம்மா. “காலியா இருந்துச்சு, ஊத்தினேன். அதுவும் இதுவுமா. தப்பா?”

தொகுஜி மெல்லக் கையைத் தூக்கினார். பிறகு நான். பிறகு கூடமே தூக்கியது.

யசுஹிகோ தலையைச் சொறிந்தான். “அப்போ தோத்தது யாரு?”

“நீங்க ரெண்டு பேரும்தான்,” என்றாள் ஓகிமுரா அம்மா. “பேசினபடி ரெண்டு பேரும் வேலைய விடுங்க.”

“ரெண்டு பேரும் விட்டா பீரை யாரு காய்ச்சுறது?” என்று அலறினார் தொகுஜி.

முதலில் சிரித்தது மிட்சுயோதான். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தாள். அவளைப் பார்த்துத் தம்பியும் சிரித்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

5

முடிவுகள் கைவசம் உண்டு.

அ) மூன்றாவது பீரை இருவரும் சேர்ந்து காய்ச்சுகிறார்கள், நாடெங்கும் புகழ், பதக்கம். (எனக்கே கொட்டாவி வருகிறது.)

ஆ) எத்தனை முறை கலந்தாலும் அந்த ருசி வரவில்லை. எப்படி வரும்? ஊற்றிய கைக்கு ஒரு கலவை. ஊரே ஒரே பீரைப் புகழ்ந்ததாக நினைத்தோமே, அவரவர் குடித்தது வேறு வேறு பீர். (இது உண்மை. ஆனால் உண்மையைச் சொல்லி அவர்கள் வயிற்றில் புளியைக் கரைப்பானேன்?)

இ) அக்காவும் தம்பியும் தொட்டிக்கு முன்னால் நின்று—

இந்த இடத்தில் எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மிட்சுயோ காகிதத்தைத் தட்டினாள்.

“வாத்தியாரே, கண்ணுல தண்ணின்னு எழுதியிருக்கீங்க. அழிங்க.”

“வந்துச்சே.”

“சிரிச்சா வராதா? சரி, இருக்கட்டும். இந்த முடிவெல்லாம் வேண்டாம்.”

“எதுல எவ்வளவு ஊத்துறதுன்னு நீங்க முடிவு பண்ணிட்டா எழுதிடுவேன்.”

“அவன் பேரிக்காய் பாதிக்கு மேலன்றான். நான் கால் பங்குக்கு மேல விடமாட்டேன். ரெண்டையும் கலந்து காய்ச்ச நாளைக்குக் காலைல தொட்டி கழுவுறோம்.”

வாசகரே, அளவை நீங்கள் சொல்லுங்கள். நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

“மறுபடியும் சண்டை வருமே?” என்றேன்.

“வரட்டும்,” என்றாள், கன்னமெல்லாம் சிரிப்பாக. “ரெண்டு பேரும்தான் ஏற்கெனவே தோத்தாச்சே! இனிமே தைரியமா சண்டை போடலாம்.”