இருபத்தைந்தாம் நம்பர் கை தூக்கினார்

மூன்று நிமிடம் நாற்பது நொடி பாக்கி. விசில்.

"லோபிட்டோ, அஞ்சாம் நம்பர். தள்ளிட்டாரு. நாலாவது ஃபவுல்," என்றாள் மெர்லின்.

"நாலு," என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே நவ்ரீன் பட்டனைத் தட்டினாள்.

திரையில், மைதானத்தின் ஓரத்தில் ஆட்டக் கணக்கு எழுதும் மேஜையிலிருந்து ஒரு கை எழுந்தது. அந்தக் கை பிடித்திருந்த அட்டையில் நாலு இல்லை. ஐந்து.

"இன்னாடி இது?" நவ்ரீன் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. "அஞ்சு காட்டறான்."

கூடைப்பந்தில் ஐந்து ஃபவுல் செய்த ஆளுக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அங்கே அப்படி உட்காரச் சொல்லப்பட்டவன் தோமாஸ். லோபிட்டோ அணியின் ஐந்தாம் நம்பர். அன்றைக்கு மட்டும் இருபத்து நாலு பாயிண்ட் போட்டவன். அவன் நடுவரிடம் ஓடினான். நாலு விரலை விரித்துக் காட்டினான். நடுவர் மேஜையைக் காட்டினார். மேஜை அட்டையைக் காட்டியது.

ஆட்டம் டார் எஸ் சலாமில். இவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தது திருவொற்றியூர் விம்கோ நகரில், ஒரு காலத்தில் ஏதோ மெஷின் ஓடிய ஷெட்டில். கம்பெனி அதற்குக் கண்ணாடி அடைத்து, ஏ.சி. மாட்டி, பதினாறு திரைகளை வைத்திருந்தது. ஏ.சி.யை மீறி எண்ணூர்ப் பக்கத்துக் கன்டெய்னர் லாரிகளின் தூசு கீபோர்டில் படியும். ஆப்பிரிக்காவின் பன்னிரண்டு கிளப்புகள் மோதும் லீக். அதன் ஒவ்வொரு ஆட்டத்தையும் கேமரா வழியாகப் பார்த்து, யார் போட்டான், யார் தள்ளினான், யார் விட்டான் என்று மெர்லின் சொல்லச் சொல்ல நவ்ரீன் தட்டுவாள். ஆறு நொடியில் அது டி.வி. திரையிலும் இணையத்திலும் எண்ணாக ஓடும். சீசன் முழுக்க இதுதான் வேலை. மெர்லினுக்கு இது தற்காலிக வேலை. சீசன் முடிந்ததும் நிரந்தர ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ராயபுரத்தில் அம்மா அந்த ஆர்டருக்காக வெள்ளிக்கிழமை தோறும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

இன்று அரையிறுதி. லோபிட்டோ துறைமுகத் தொழிலாளர் கிளப்புக்கும் துனிஸ் கிளப்புக்கும். துனிஸ் இரண்டு பாயிண்ட் முன்னால்.

லோபிட்டோவின் பயிற்சியாளர் டைம் அவுட் கேட்டார். அறுபது நொடி.

பின்னால் நாற்காலி உருளும் சத்தம். ஷிஃப்ட் லீடர் அர்ஜுன்.

"மெர்லின், அஞ்சாம் நம்பருக்கு நம்ம கணக்குல நாலு இருக்கு. மேஜையில அஞ்சு. சீக்கிரம் மாத்து."

"மேஜை தப்பா எழுதிருச்சு சார்."

"மேஜை எப்படி எழுதினாலும் அதுதான் சரி. நம்ம வேலை ஒத்துப்போறது. ஒரு வித்தியாசம் கூட இல்லாம சீசனை முடிச்சாத்தான் அடுத்த வருஷம் கான்ட்ராக்ட். எத்தனை தடவை சொல்றது?"

"வித்தியாசம் இப்ப வர்ல சார். ரெண்டாவது குவார்ட்டர்லயே வந்துச்சு. மேஜைக் கணக்கோட ஒத்துப்போவலன்னு திரையில செவப்புப் புள்ளி வந்ததும் ஹாஃப் டைம்ல உங்களாண்ட சொன்னேன். அப்புறம் பாக்கலாம்னீங்க."

அர்ஜுன் அதைக் காதில் வாங்காதவன் போல் திரையைப் பார்த்தான். "க்ளிப்பைப் போடு."

போட்டாள். இரண்டாவது குவார்ட்டர், ஆறு நிமிடம் பன்னிரண்டு நொடி. கூடைக்கடியில் நாலு பேர் மோதுகிறார்கள். விசில். நடுவர் மேஜையைப் பார்த்து நடக்கிறார். சரியாக அந்த நேரம் துனிஸ் பயிற்சியாளர் கேமராவுக்குக் குறுக்கே வருகிறார். அவர் விலகும்போது நடுவரின் உள்ளங்கை தெரிகிறது. ஐந்து விரல்.

"அஞ்சு," என்றான் அர்ஜுன். "அஞ்சாம் நம்பர். முடிஞ்சுது."

"இருபத்தஞ்சு சார். அதை ரெண்டு தடவையாக் காட்டணும். மொதல்ல புறங்கையால ரெண்டு, அப்புறம் உள்ளங்கையால அஞ்சு. அந்தப் புறங்கைய இந்த ஆளு மறைச்சிட்டாரு. மேஜைக்காரரும் குனிஞ்சு எதையோ எழுதிக்கினு இருந்திருப்பாரு. நிமிர்ந்தப்ப அஞ்சு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்."

"நீ பார்த்தியா அந்த ரெண்டை?"

"இல்ல."

"அப்புறம் எப்படி இருபத்தஞ்சுன்னு போட்ட?"

மெர்லின் படத்தை நிறுத்தி, திரையின் இடது மூலையில் விரலை வைத்தாள். அங்கே, கூட்டத்துக்குப் பின்னால், லோபிட்டோவின் கேப்டன் அமாரோ நின்றிருந்தார். நரைத்த தாடி. முதுகில் இருபத்தைந்து. அவருடைய வலது கை நட்டுவைத்த கம்பம் மாதிரி நேராக மேலே இருந்தது.

"கை தூக்கினாரு சார்."

அர்ஜுன் சிரித்தான். "பந்து கேட்டிருப்பான்."

"விசில் ஊதினதுக்கு அப்புறமா?"

ராயபுரத்தில், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சிமென்ட் மைதானத்தில், பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளுக்கு ஃபவுல் எழுதுபவள் மெர்லின். அங்கே மேஜை என்பது கேரம் போர்டு வைக்கிற ஸ்டாண்ட். கூட்டம் அதன்மேலேயே சாய்ந்து நிற்கும். நடுவர் காட்டும் விரல் பாதி நேரம் தெரியாது. அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. தள்ளியவன் தானே கை தூக்க வேண்டும். தூக்கும்வரை பேனா பேப்பரைத் தொடாது. தூக்காமல் நின்றால் சுற்றிலும் இருந்து, "கை எங்க நைனா, வூட்ல வெச்சிட்டு வந்துட்டியா?" என்று குரல் வரும். காசிமேட்டு மீன்பிடிப் படகுகளில் வேலை பார்க்கும் முரட்டு ஆட்கள் கூட அந்தக் குரலுக்குக் கட்டுப்படுவார்கள். மற்ற ஊர்களில் இந்தப் பழக்கம் செத்துவிட்டது. பெரிய போட்டிகளில் யாரும் செய்வதில்லை.

அமாரோ செய்தார். சீசனின் முதல் ஆட்டத்திலேயே மெர்லின் அதைக் கவனித்தாள். சந்தோஷத்தில், குறிப்புக் கட்டத்தில் 'கை' என்று போடச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் தூக்கும்போதெல்லாம் போடச் சொன்னாள். "தேவையில்லாததை எழுதாதே," என்று அர்ஜுன் இரண்டு முறை திட்டியும் விடவில்லை.

"நவ்ரீன், கேப்டனோட ஃபவுல் மொத்தமும் எடு. இந்த சீசன் பூரா."

நவ்ரீனின் விரல் பறந்தது. "முப்பத்தொண்ணு கீது."

"எத்தினில 'கை' போட்டுகீறோம்?"

"முப்பத்தொண்ணுலயும்." நவ்ரீன் அர்ஜுனைத் திரும்பிப் பார்த்தாள். "அவரு பந்து கேக்கறதுன்னா முப்பத்தொரு தடவையும் விசிலுக்கு அப்புறம்தான் கேட்டாரா சார்?"

டைம் அவுட்டில் முப்பது நொடி பாக்கி. தோமாஸ் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"சார், நடுவர் பேப்பர்ல கையெழுத்துப் போடற வரிக்கும் மேஜைத் தப்பைத் திருத்தலாம். ரூல் அது. லைன்ல சொல்லுங்க."

அர்ஜுனின் மேஜையில் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. அழுத்தினால் மைதானத்தில் இருக்கும் லீக் அதிகாரியின் காதில் கேட்கும். படம் நின்றுபோனால் மட்டும், ஷிஃப்ட் லீடர் மட்டும் தொடலாம்.

"விளையாடறியா? விம்கோ நகர்ல உக்காந்துகிட்டு அரையிறுதியை நிறுத்தச் சொல்றதா? இப்ப நான் பேசினா, ஹாஃப் டைம்லயே ஏன் சொல்லலைன்னு முதல்ல என்னைத்தான் கேப்பாங்க." சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. குரலைத் தாழ்த்தினான். "உன் ஆர்டர் என் கையெழுத்துக்காகக் காத்துட்டு இருக்கு. அந்த ஒரு ஃபவுலை அஞ்சாம் நம்பருக்கு மாத்து. ஒரு பட்டன். அவ்வளவுதான்."

மெர்லின் அசையவில்லை. அர்ஜுன் குனிந்து கீபோர்டை எட்டினான். அங்கே கீபோர்டு இல்லை. நவ்ரீன் அதைத் தூக்கி மடியில் வைத்து, மேலே துப்பட்டாவைப் போட்டிருந்தாள்.

"எடு நவ்ரீன்."

"பொம்பளப் புள்ள மடியில கை வெப்பியா சார்? வெய்யி பாக்கலாம்."

அர்ஜுனின் கை பாதியில் நின்றது. அந்த இரண்டு நொடி போதுமானதாக இருந்தது. மெர்லின் எழுந்து, நாலு எட்டில் அவன் மேஜைக்குப் போய், சிவப்புப் பட்டனை அழுத்தினாள்.

"யார்? அர்ஜுனா?" ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில். லீக் அதிகாரி மரியம். சீசன் முழுக்கப் பெயராக மட்டுமே தெரிந்தவள்.

"இல்லை. மெர்லின். ஆட்டத்தைப் பார்த்துச் சொல்பவள்." மெர்லினின் ஆங்கிலம் ராயபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் கற்றது. தடுமாறாது, வளைந்தும் கொடுக்காது. எந்த நிமிடம், எந்த நொடி, எந்த நம்பர், என்ன ஆதாரம் என்று பத்து நொடியில் சொன்னாள். நவ்ரீன் துப்பட்டாவுக்கு அடியிலேயே க்ளிப்புகளை அனுப்பினாள். முப்பத்தொரு ஃபவுல், முப்பத்தொரு கை.

அந்தப் பக்கம் க்ளிப் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு: "இதைச் சொல்ல உனக்கு அனுமதி இருக்கிறதா?"

"இல்லை. ஆனால் நான் சொன்னது சரி."

லைன் அறுந்தது.

திரையில் சத்தம் இல்லாத படம் ஓடியது. டைம் அவுட் முடிந்தது. இரு அணிகளும் எழுந்து வந்தன. தோமாஸ் வரவில்லை. துனிஸ் ஆள் ஃப்ரீ த்ரோ போடக் கோட்டில் நின்று பந்தை இரண்டு முறை தட்டினான். அர்ஜுன் நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தான்.

"வருவாங்களா?" என்றாள் நவ்ரீன்.

"தெர்ல."

அப்போது காதில் இயர்போன் மாட்டிய ஒரு பெண், கையில் டேப்லெட்டோடு, மைதானத்தின் ஓரமாக ஓடி வந்தாள். மரியமாகத்தான் இருக்க வேண்டும். மேஜை. ஆட்டத்துக்குப் பொறுப்பான கமிஷனர். தலைமை நடுவர். மூன்று தலைகள் ஒரு திரைமேல் குனிந்தன. கோட்டில் நின்றவனிடமிருந்து பந்து திரும்ப வாங்கப்பட்டது. தலைமை நடுவர் நிமிர்ந்து அமாரோவைக் கூப்பிட்டு டேப்லெட்டைக் காட்டினார். ஏதோ கேட்டார்.

அமாரோவுக்கு மேஜைக் கணக்கில் மூன்று ஃபவுல். ஒப்புக்கொண்டால் நாலு. அடுத்தது செய்தால் அவரே வெளியே. முப்பத்தெட்டு வயது. இந்தச் சீசனோடு ஓய்வு என்று அறிவித்துவிட்டவர்.

அவர் யோசிக்கவே இல்லை. டேப்லெட்டை ஒரு முறை பார்த்தார். வலது கையை நேராக மேலே தூக்கினார்.

"ராயபுரத்து ஆளு மாமு அவரு," என்றாள் நவ்ரீன். மேஜையில் ஐந்தாம் நம்பரின் அட்டை நாலாக மாறியது. தோமாஸ் துண்டை எறிந்துவிட்டு உள்ளே ஓடி வந்தான்.

இரண்டு நிமிடம் கழித்து, துனிஸ் ஆளைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததில் அமாரோவுக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தது. விசில் முடிவதற்குள் கை மேலே. தூக்கிய கையோடே நடந்து பெஞ்சுக்குப் போனார்.

"லோபிட்டோ, இருபத்தஞ்சு. இழுத்துட்டாரு. அஞ்சாவது," என்றாள் மெர்லின். "குறிப்புல 'கை' போடு."

கடைசி நொடியில் தோமாஸ் எறிந்த பந்து வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. லோபிட்டோ ஒரு பாயிண்டில் தோற்றது.

அர்ஜுன் மெதுவாகக் கைதட்டினான். "இதுக்குத்தானா இவ்வளவு கூத்து? ஜெயிச்சாங்களா?"

"தோத்தாங்க சார். ஆட வேண்டிய ஆளு ஆடித் தோத்தாங்க. ஆள உக்கார வெச்சித் தோக்கடிச்சா அது வேற கதை."

மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை. கண்ணாடி அறையில் மேனேஜர், ஹெச்.ஆரிலிருந்து ஒருவர், அர்ஜுன். உள்ளே போவதற்கு முன் அர்ஜுன் அவளை வாட்டர் கேன் பக்கம் ஒதுக்கினான்.

"கேளு. லீக்லேருந்து புகார் எதுவும் வரலை. மேஜை திருத்திட்டதால வித்தியாசமும் இல்லை. ஆனா லைனைத் தொட்டது விதிமீறல். கீபோர்டைத் துடைக்கும்போது கை தவறிப் பட்டுச்சுன்னு எழுதிக் கொடு. நானும் ஆமான்னு சொல்றேன். வித்தியாசம் கடைசி நாலு நிமிஷத்துலதான் தெரிஞ்சுதுன்னும் சேர்த்து எழுதிடு. ஆர்டர்ல இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி இன்னைக்கே ஐ.டி. கார்டைக் கொடுத்துட்டுப் போக வேண்டியதுதான். எட்டு மாசம் வேலை பார்த்திருக்க. அம்மாவை நினைச்சுப் பாரு."

நினைத்தாள். மெழுகுவர்த்தி, வாடகை, தம்பியின் படிப்பு, எல்லாம் ஒரு சுற்று வந்து போனது.

உள்ளே மேனேஜர் காகிதத்தைப் புரட்டினார். வயதானவர், கோபக்காரர் இல்லை. தப்பிக்க வழி வைத்தே கேட்டார். "லைன் தானா திறந்துகிச்சா, யாராவது தெரியாம அழுத்திட்டாங்களாம்மா? சில நேரம் ஆகும்."

மெர்லின் நாற்காலியிலிருந்து எழுந்தாள். வலது கையைத் தூக்கினாள். முழங்கை காதை ஒட்டி, விரல்கள் ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்து, நேராக.

"நான்தான் சார். தெரிஞ்சேதான் அழுத்தினேன்."

அர்ஜுன் தரையைப் பார்த்தான்.

"அப்படின்னா உன்னை வெச்சிக்க முடியாதும்மா. கார்டை வாங்கிக்கச் சொல்லிடுவேன். புரியுதில்ல?"

"புரியுது சார். கூடவே இதையும் எழுதுங்க. வித்தியாசத்தை ஹாஃப் டைம்ல சொன்னேன். மணி ஆறு இருபத்தஞ்சு. சொன்னது அர்ஜுன் சாராண்ட."

மேனேஜர் அர்ஜுனைப் பார்த்தார். ஹெச்.ஆர். ஆள் பேனா மூடியைக் கழற்றினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினாறு திரைக்கு முன்னாலும் தலைகள் திரும்பியிருந்தன.

"சரி, கையைக் கீழே போடும்மா."

"எழுதி முடிங்க சார். அப்புறம் போடறேன்."